டம்மி வரிகள்

லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டிருந்தபோதுதான் எங்கள் பாட்டை முதன்முதலாக முன்பின் தெரியாத ஒருவர் வாயிலிருந்து கேட்டேன். எட்டு மாடிக் குடியிருப்பு. மெயின் சுவிட்சை அணைத்து, தரைத்தளக் கதவைத் திறந்து வைத்து, குழிக்குள் இறங்கி, ஸ்பிரிங்கில் காய்ந்து போயிருந்த பழைய கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். மேலே ஒரு பெண் இரண்டு கையிலும் பைகளோடு படியேறிக்கொண்டிருந்தாள், லிஃப்டை நிறுத்தி வைத்தவனைத் திட்டிக்கொண்டே. முதல் மாடி தாண்டியதும் திட்டு ஓய்ந்து முணுமுணுப்பு ஆரம்பித்தது. "ஒண்ணு, எந்திரிச்சேன். ரெண்டு, பல் தேய்ச்சேன். மூணு, முகம் கழுவினேன்." ஒரு படிக்கு ஒரு சொல். நாலாவது மாடியில் மூச்சு வாங்க நின்றவள், "அப்புறம்?" என்று சுவர் அதிரக் கத்திவிட்டுத் தானே சிரித்தாள். பதினோரு வருடமாக நான் காத்திருந்தது அந்த ஒரு நிமிடத்துக்குத்தான். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குழிக்குள் குதித்தால் தலை இடிக்கும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அவள் மேலே போய்ச் சேருகிறவரை சுரண்டுவதை நிறுத்திவிட்டுக் குனிந்தே இருந்தேன்.

அந்த வரிகளை நான் எழுதவில்லை. யாருமே எழுதவில்லை. அவை என் அக்கா எனக்குப் போனில் சொன்னவை.

அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலையில் இருந்தாள். கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, இப்போது தெளிவாக இருக்கிறதா, இதில் தெளிவாக இருக்கிறதா என்று நாள் முழுக்க அடுத்தவர்களைக் கேட்கிற வேலை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை அவள் எழுந்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வீட்டில் சண்டை இல்லை. வந்தவர் போனவரெல்லாம் காரணம் கேட்டார்கள். காரணம் மட்டும் கையில் கிடைத்துவிட்டால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்துவிடுவாள் என்று நாங்களும் நம்பினோம். அவளும் பாவம், யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தோணலையே" என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்வாள். அப்படியே எட்டு மாதம் போயிற்று.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். "பெரிசா எதுவும் செய்ய வேண்டாம்மா. சின்னச் சின்னதா செய்யுங்க. செஞ்சதை யாராவது ஒருத்தர்கிட்ட தினமும் சொல்லுங்க. கேக்கறவங்க பாராட்டவும் கூடாது, திட்டவும் கூடாது. சும்மா கேட்டுக்கணும்." அந்த ஒருத்தராக அக்கா என்னைத் தேர்ந்தெடுத்தாள். மாமாவுக்குக் கொஞ்சம் சுருக்கென்றிருக்கும். "கட்டினவன் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், தம்பிக்கு இல்ல போன் போடறா" என்று சிரித்தபடிதான் சொன்னார். ஏன் நான் என்று அவளிடமே கேட்டேன். "அவர்கிட்ட சொன்னா அழுதுடுவாருடா. நீ கல்லுளிமங்கன். உனக்குத்தான் சரிப்படும்" என்றாள்.

மாமா புத்தகம் பைண்டிங் செய்யும் அச்சகத்துக்கு ஆறரைக்கே கிளம்பிவிடுவார். சரியாக ஏழேகாலுக்கு எனக்குப் போன் வரும். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கேட்பேன். "ஒண்ணு, எந்திரிச்சேன்" என்பாள். "அப்புறம்?" என்பேன். "ரெண்டு, பல் தேய்ச்சேன்." "அப்புறம்?" இப்படியே போகும். ஓர் இடத்தில், "அவ்வளவுதான்டா" என்று நின்றுவிடுவாள். "சரிக்கா" என்று வைத்துவிடுவேன். எந்த எண்ணில் நிற்கிறாள் என்பதுதான் எனக்கு அன்றைய நிலவரம். ஐந்து என்றால் பரவாயில்லை, நாள் ஓடிவிடும். இரண்டு என்றால் மத்தியானம் ஸ்க்ரூ டிரைவரை விட்டுவிட்டேன், சார்ஜரை விட்டுவிட்டேன் என்று ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அவள் வீட்டுப் பக்கம் போய்விடுவேன். ஒருநாள், "ஒண்ணு" என்று மட்டும் சொன்னாள். என்ன செய்தாள் என்று சொல்லவில்லை. வைத்துவிட்டாள். கூட வந்தவனிடம் வேலையைத் தள்ளிவிட்டு ஓடினேன். நல்லவேளை ஓடினேன். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அதனால்தான், மூன்று வருடத்துக்குப் பிறகு முதன்முறையாக அவள் ஒன்பது வரை போன நாள் எனக்கு அத்தனை பெரிய நாளாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. ஆறு வந்ததும் எழுந்து உட்கார்ந்தேன். "ஆறு, தலை சீவினேன். ஏழு, போர்வையை மடிச்சேன். எட்டு, செருப்பு போட்டேன்." நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "ஒம்பது, வெளியே போனேன்டா. கேட் வரைக்கும். திரும்பி வந்துட்டேன். அவ்வளவுதான்." பாராட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "சரிக்கா" என்று கட் பண்ணிவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். கல்லுளிமங்கன்தான். அதனால்தான் குழாய் தேவைப்பட்டது.

அன்றைக்கு மத்தியானம் எங்களுக்கு ஒத்திகை இருந்தது. மரச்சாமான் கிடங்கின் பின்னறையில், சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நாங்கள் ஒரு ராக் பேண்ட். மற்ற நாட்களில் நான் லிஃப்ட் மெக்கானிக், டிரம்ஸ் அடிக்கிறவர் இன்ஷூரன்ஸ் கம்பெனி குமாஸ்தா, கிதார் வாசித்துக்கொண்டே பாடுகிற கரடி ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். குரலுக்காகத்தான் அவனுக்குக் கரடி என்று பேர். டிரம்மருக்குக் கவிஞர் என்று பேர். எங்களுக்குப் பாட்டு எழுதுகிறவர் அவர்தான். அவருடைய வரிகளில் இருள், சவம், நிழல் மூன்றும் தவறாமல் வரும். பதினோரு வருடத்தில் எங்களுடைய ஒரு பாட்டைக்கூட ஐந்நூறு பேருக்கு மேல் கேட்டதில்லை. அந்த ஐந்நூறில் பாதி எங்கள் சொந்தக்காரர்கள், மீதி அவர்களை மிரட்டிக் கேட்க வைத்தவர்கள்.

எங்கள் பேண்டில் எப்போதும் மெட்டுத்தான் முதலில் வரும். மெட்டு மறந்து போகாமல் இருக்க வாயில் வந்த ஏதாவது ஒன்றை அதில் போட்டுப் பாடி வைத்துக்கொள்வோம். அதுதான் டம்மி. பலசரக்குச் சீட்டைப் பாடியிருக்கிறோம், பஸ் நம்பர்களைப் பாடியிருக்கிறோம், கரடி ஒருமுறை ஹெட்மாஸ்டரைத் திட்டியே இரண்டு சரணம் முடித்திருக்கிறான். பிறகு கவிஞர் அந்த இடத்தில் நிஜ வரிகளை எழுதிப் போடுவார், டம்மி குப்பைக்குப் போகும். டம்மியை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அன்றைக்கு நான் பேஸ் கிதாரில் ஒரே சுற்றை வாசித்துக்கொண்டிருந்தேன். மனசெல்லாம் காலையில் கேட்ட ஒன்பதுதான். வாயைத் திறந்தால் அதுதான் வந்தது. முதலில் முனகலாக, எண் ஏற ஏறக் குரலும் ஏறி, எட்டில் எல்லா வாத்தியமும் நின்று, ஒன்பதில் மூன்று பேரும் சேர்ந்து இடித்துத் தள்ளினோம். நடுநடுவே, "அப்புறம்?" என்று கரடி கத்தினான். ஒரு குரல் கேட்டால் இன்னொரு குரல் பதில் சொல்வதுபோல அவனுக்கே தோன்றியிருக்கிறது, நான் சொல்லிக்கொடுக்கவில்லை. முடித்தபோது கவிஞர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"என்னய்யா இது?"

"டம்மி" என்றேன்.

ஸ்டூடியோவுக்குப் போனபோது கவிஞர் நிஜ வரிகளோடுதான் வந்தார். தலைப்பு, 'சவங்களின் விடியல்'. கரடிக்கு மெட்டு புரிய வேண்டும் என்பதற்காக முதலில் நான் டம்மியைப் பாடி ஒரு டிராக் பதிவு செய்தோம். கரடி அதைக் காதில் கேட்டுக்கொண்டே கவிஞர் வரிகளைப் பாடினான். நன்றாகத்தான் பாடினான். ரெக்கார்டிஸ்ட் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். கரடியின் குரலை வைத்தால் எங்கள் பழைய பாட்டுக்களில் இன்னொன்று. அதை அணைத்துவிட்டு என் முனகலை மட்டும் விட்டால், அந்தச் சின்ன அறையில் இருந்த எல்லாருமே மூச்சுவிடாமல் உட்கார்ந்துவிட்டோம். கரடியேதான் முதலில் சொன்னான், "என் குரலைத் தூக்கிடுங்க சார்." நல்லவன். அப்படிச் சொல்ல எனக்கு மனசு வந்திருக்காது. "இதை மாத்தினீங்கன்னா நான் இந்த வேலையையே விட்டுடறேன்" என்றார் ரெக்கார்டிஸ்ட்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இது என் அக்கா எனக்கு மட்டும் சொன்னது, வெளியே விடக் கூடாது என்று ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல எனக்கு அன்றைக்கு மட்டுமில்லை, மிக்ஸிங் முடிகிறவரை முழுசாக மூன்று வாரம் அவகாசம் இருந்தது. தினமும் ஏழேகாலுக்கு அக்கா மூன்று என்றாள், ஐந்து என்றாள், நான் "அப்புறம்?" என்றேன். சாயங்காலம் ஸ்டூடியோவுக்குப் போய் அதே சொற்களுக்கு எதிரொலி கூட்டலாமா குறைக்கலாமா என்று ஆலோசனை சொன்னேன். நல்ல பாட்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் காரணம். வாழ்க்கையில் முதல்முறையாக என் கையில் ஒரு நல்ல பாட்டு. என் வாயை நானே பூட்டிக்கொண்டேன். எப்படியும் ஐந்நூறு பேர்தானே கேட்கப்போகிறார்கள், அக்காதான் பாட்டே கேட்பதில்லையே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

'அப்புறம்' என்று பெயர் வைத்து இணையத்தில் ஏற்றினோம். இரண்டு மாதம் ஈ, எறும்பு எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு ஹாஸ்டல் பெண் பாட்டை ஓடவிட்டு, தான் காலையில் எழுந்திருக்க முடியாமல் புரளுவதைப் படம் பிடித்துப் போட்டாள். 'சோம்பேறிகளின் தேசிய கீதம்' என்று அதற்கு ஒரு வரி எழுதியிருந்தாள். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. அப்பாக்கள் தூங்கி வழிவதை, நாய்கள் கொட்டாவி விடுவதை, மணமேடைக்குப் போகிற மாப்பிள்ளை எட்டு என்றதும் செருப்பு மாட்டுவதை எல்லாம் போட்டார்கள். பள்ளிப் பேருந்து என்னைத் தாண்டிப் போகும்போது உள்ளே ஒரு குரல் "நாலு" என்று ஆரம்பிக்கும், பேருந்தே "ஜன்னலைத் திறந்தேன்" என்று அலறும். ஓர் இணைய இதழில் விமர்சகர் ஒருவர், நவீன மனிதன் எண்களாகச் சிதறிப்போவதை இந்தப் பாடல் சித்தரிக்கிறது என்று மூச்சுவிடாமல் எழுதியிருந்தார். கவிஞர் அதை மூன்று பிரதி எடுத்து வைத்துக்கொண்டார். டிவி பேட்டியில் அந்த விமர்சகர் சொன்னதையே தன் கருத்தாகவும் சொன்னார். இந்த வரிகள் எப்படி வந்தன என்று பேட்டி எடுத்தவர் என்னைக் கேட்டபோது, "சும்மா வந்தது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை ஏழேகாலுக்குப் போன் வந்தது. எடுக்கிறதற்கே பயமாக இருந்தது.

"பேட்டி பார்த்தேன். மாமா போட்டுக் காட்டினார்" என்றாள்.

"ம்."

"சட்டை நல்லாருந்துச்சு. சும்மா வந்துச்சுன்னு சொன்ன பாரு, அது ரொம்ப நல்லாருந்துச்சு."

குத்திக் காட்டுகிறாளா, நிஜமாகவே சொல்கிறாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் குரலை வைத்தே எல்லாம் தெரிந்துகொள்கிறவன் நான் என்ற நினைப்பில் இருந்தேன். "அக்கா, அதைப் பத்தி நான் உன்கிட்ட..." என்று இழுத்தேன். "அதெல்லாம் இருக்கட்டும். வேலைக்கு நேரமாகும் உனக்கு. ஒண்ணு, எந்திரிச்சேன்" என்று ஆரம்பித்துவிட்டாள். ரெண்டு, மூணு, நாலு, தங்குதடையில்லாமல் போயிற்று. ஒம்பது வரை போனாள். "வெளியே போனேன், திரும்பி வந்தேன். அவ்வளவுதான்." நடுவில் நான், "அப்புறம்?" என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த நாளும் ஒம்பது. அதற்கு அடுத்த நாளும். பாட்டு அவளுக்கு ஏதோ தெம்பு கொடுத்திருக்கிறது என்று நினைத்தேன். ஊரே தன் சொற்களைப் பாடுகிறதென்றால் யாருக்குத்தான் எழுந்திருக்கத் தோன்றாது? என் குற்றத்துக்குத் தண்டனை வரும் என்று பார்த்தால் பரிசு வந்திருக்கிறதே என்று இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை விட்டுவிட்டு வருவதை நிறுத்தினேன். கச்சேரிகளுக்கு அழைப்பு வர ஆரம்பித்தது, லீவு போட்டுவிட்டு ஊர் ஊராகப் போனோம். எங்கே இருந்தாலும் ஏழேகாலுக்குப் போனை எடுத்தேன், ஒம்பது கேட்டேன், வைத்தேன். ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, ஒரு விடுதி அறையில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. தினமும் அதே ஒன்பதுதான். அதே வரிசை. முன்பெல்லாம் ஒருநாள் தலை சீவுவது மூன்றாவதாக வரும், ஒருநாள் வராது, ஒருநாள் 'மூணு, பால்காரருக்குக் கதவு திறந்தேன்' என்று புதிதாக ஒன்று வரும். இப்போது பாட்டில் இருக்கிற வரிசை ஒரு சொல் பிசகாமல் வருகிறது.

அன்றைக்கே அச்சகத்துக்குப் போன் போட்டேன். பின்னால் பேப்பர் வெட்டும் இயந்திரம் தொம் தொம்மென்று விழுந்துகொண்டிருந்தது.

"மாமா, அக்கா எப்படி இருக்கா?"

"ஏன், உன்கிட்டதானே தினமும் பேசறா?"

"நீங்க சொல்லுங்க மாமா."

இயந்திரச் சத்தம் தள்ளிப் போயிற்று, வெளியே வந்திருப்பார். "ஜன்னல் திறந்து ஒரு மாசமாகுதுப்பா. நான் வெச்சிட்டுப் போற சாப்பாடு வெச்ச இடத்துலயே இருக்கு. உன்கிட்ட சொல்லியிருப்பான்னு பார்த்தேன். நீ அந்தப் பக்கமே வரலையா, சரி, தம்பிக்கு இப்ப நேரம் எங்க இருக்குன்னு விட்டுட்டேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கோபப்படவில்லை.

அன்று மத்தியானம் ஒரு கல்லூரி மைதானத்தில் எங்களுக்கு நிகழ்ச்சி. முடித்துவிட்டு ராத்திரி வண்டி பிடித்தால் காலையில் அக்கா வீட்டில் இருக்கலாம். எங்களோடு ஒலியமைப்புக்கு வந்திருந்த ரெக்கார்டிஸ்டை மேடைக்குப் பின்னால் பிடித்து, பாட்டை இணையத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "எடுக்கலாம். அப்புறம் ஊர்ல இருக்கறவங்க வாயிலிருந்து எப்படி எடுப்ப?" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. கவிஞரிடமும் கரடியிடமும் விஷயத்தைச் சொன்னேன். கரடி என் கையைப் பிடித்துக்கொண்டான். கவிஞர் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். சவங்களின் விடியல். இத்தனை நாளும் அதைக் கூடவே வைத்திருந்திருக்கிறார், பாவம். "இன்னையிலிருந்து இதைப் பாடுவோம். கேட்கக் கேட்க அதுதான் பாட்டுன்னு ஆயிடும்" என்றார்.

பாடினோம். நான் பேஸ் கிதாரோடு ஒதுங்கிக்கொள்ள, கரடி மைக்கைப் பிடித்து, "இருளின் சவமே, எழுந்து வா" என்று ஆரம்பித்தான். முன்வரிசை முதலில் ஏதோ தமாஷ் என்று நினைத்துச் சிரித்தது. இரண்டாவது வரிக்குள் மைதானம் முழுக்க "ஒண்ணு, எந்திரிச்சேன்" என்று எடுத்துவிட்டது. ஆயிரக்கணக்கான பேர், கரடியின் குரல் ஒலிபெருக்கியில் வந்தும் அமுங்கிப் போயிற்று. நான் வாசிப்பதை நிறுத்தினேன். கவிஞரும் நிறுத்தினார். அவர்களுக்கு நாங்கள் தேவைப்படவில்லை. வெயிலில் முகமெல்லாம் சிவந்து, தோளில் கை போட்டுக்கொண்டு, எத்தனை சந்தோஷமாகப் பாடினார்கள் என்கிறீர்கள். ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு கண்ணீர் வழியப் பாடினாள். அவளுக்கும் வீட்டில் என்னவோ, யார் கண்டது. ஒம்பது முடிந்ததும் எங்களுக்குக் கை தட்டினார்கள், நாங்கள்தான் வாசித்தோம் என்பதுபோல. கரடி என்னைத் திரும்பிப் பார்த்தான். செய்வதற்கு எங்களிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. மாமா கொடுத்து வைத்திருந்த சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே போனேன். அறை இருட்டாக இருந்தது. போர்வைக்குள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலைமாட்டில் மூடி போட்ட தட்டு, பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு, தொடாமல் அப்படியே இருந்தது. தலைமுடி சிக்கு விழுந்து கயிறாகிக் கிடந்தது. காலடிச் சத்தத்தை வைத்தே நான்தான் என்று தெரிந்துகொண்டாள்.

"போன்லயே சொல்லியிருப்பேனே. எதுக்கு வந்த?"

கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "எதுக்குக்கா என்கிட்ட பொய் சொன்ன? இத்தனை நாளா?"

அவள் திரும்பவில்லை. யோசித்துவிட்டு, கொஞ்சங்கொஞ்சமாகப் பேசினாள். "பொய்யுன்னு இல்லடா. எதிர்வீட்டுக் குட்டிப் பொண்ணு தினமும் படியிறங்கும்போது பாடிட்டே போகும். ஒம்பதும் சொல்லும். ஊர்ல எல்லாரும் ஒம்பது வரைக்கும் போறாங்க. பாட்டுக்குச் சொந்தக்காரி நான், ரெண்டுல நின்னேன்னு உன்கிட்ட எப்படிடா சொல்றது?"

நான் தலையைக் கட்டில் சட்டத்தில் சாய்த்துக்கொண்டேன். என் தப்புதான் என்றேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும் என்றேன். அந்த ஒன்பது எனக்கு எத்தனை பெரிய நாள் என்பதையும், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுததையும்கூடச் சொன்னேன். அதைக் கேட்டதும் லேசாகச் சிரித்தாள், போர்வை அசைந்தது. "நல்ல பாட்டுடா அது. நிஜமாவே" என்றாள். திட்டியிருக்கலாம். நான் அதற்குத்தான் வந்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"பாட்டை விடுக்கா" என்றேன். "இன்னைக்கு நிஜமா என்னவோ அதை மட்டும் சொல்லு. ஒண்ணுமே இல்லன்னாலும் ஒண்ணுமே இல்லன்னு சொல்லு. பழைய மாதிரி."

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"ஒண்ணு" என்றாள்.

காத்திருந்தேன். அதற்கு மேல் வரவில்லை. தெரிந்ததுதான், அதற்கு மேல் வராத நாள் இது. இந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். நாலு வருடமாகத் தினமும் சொன்ன சொல். பாராட்டாமல், திட்டாமல், சும்மா கேட்டுக்கொள்கிறவன் சொல்கிற சொல். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"அப்புறம்?"

அது மெட்டோடுதான் வந்தது. எத்தனையோ மேடைகளில் கரடியோடு சேர்ந்து கத்திக் கத்திப் பழகிய அதே ஏற்றத்தோடு, கடைசி எழுத்தை இழுத்து மேலே தூக்கிவிடுகிற அதே இழுப்போடு. என் காதுக்கே கேட்டது. உடனே திருத்திக்கொள்ள நினைத்து இன்னொரு முறை, மெதுவாக, பேசுகிற குரலில் சொல்லிப் பார்த்தேன். அப்போதும் அப்படியேதான் வந்தது. வேறு விதமாக அதை எப்படிச் சொல்வேன் என்பது எனக்கு மறந்து போயிருந்தது.

போர்வைக்குள்ளிருந்து அக்காவின் கை வெளியே வந்தது. நகங்கள் வளர்ந்திருந்தன. விரித்த விரல்களால் கட்டில் சட்டத்தில், என் காதுக்குப் பக்கத்தில், மெல்லத் தட்ட ஆரம்பித்தாள். தாளம் கச்சிதமாக இருந்தது, கவிஞரே அவ்வளவு சீராக அடித்ததில்லை. "ரெண்டு, பல் தேய்ச்சேன்" என்று சுவரைப் பார்த்தபடி, எனக்காக, மெட்டுப் பிசகாமல் பாடினாள். "மூணு, முகம் கழுவினேன்." நாலாவதற்கு முன்னால் நான் சேர்ந்துகொள்வதற்காக ஒரு தட்டு மட்டும் தட்டிவிட்டுக் காத்திருந்தாள்.